இறக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: சட்டவழித் தேடலும் இணையத் தடமும்

"விபிஎன் போட்டுக்கொண்டால் எதை வேண்டுமானாலும் இறக்கலாமா?" இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் விபிஎன் சேவையைப் பற்றி, இணையத்துக்குப் புதியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்குள் இரண்டு தேவைகள் பின்னிக் கிடக்கின்றன. தேடும் படமோ நூலோ மென்பொருளோ கைக்கு எட்டவில்லை என்பது ஒன்று. தான் தேடுவதும் பார்ப்பதும் பிறருக்குத் தெரியக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதற்கு எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு, எதை யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். விபிஎன் முதலாவதற்கு அநேகமாக உதவாது. இரண்டாவதற்கும் ஓரளவுதான் உதவும். ஆகவே இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

திருட்டுப் பிரதியில் எங்கே அடி விழுகிறது

டோரன்ட்டிலிருந்து தொடங்கலாம். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரன்ட் முறை, ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றை வைத்திருக்கும் பலரிடமிருந்தும் ஒரே நேரத்தில் வாங்கிச் சேர்க்கிறது. இந்த முறையில் குற்றம் ஏதுமில்லை. லினக்ஸ் பதிப்புகள் பலவும் இப்படித்தான் முறையாகப் பரவுகின்றன. ஆனால் துண்டுகளை வாங்க வேண்டுமென்றால், அதே கோப்பைப் பகிரும் எல்லோருக்கும், இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி தெரிந்தாக வேண்டும். உரிமையாளர்கள் அமர்த்தும் கண்காணிப்பு நிறுவனங்கள் யாருடைய கணினியையும் உடைத்து நுழைவதில்லை. சாதாரணப் பயனரைப் போல அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, கண்ணில் படும் முகவரிகளை நேரத்தோடு குறித்துக்கொள்கின்றன. அந்த முகவரி அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பது இணைய இணைப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். "இறக்கினேன், பகிரவில்லை" என்ற வாதமும் இங்கே எடுபடாது. இறக்கிக்கொண்டிருக்கும்போதே, கையில் வந்த துண்டுகளை உங்கள் கணினி பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். பல நாட்டுச் சட்டங்கள் பார்ப்பதைவிடப் பரப்புவதையே கடுமையாக நடத்துகின்றன.

திருட்டு ஒளிபரப்புத் தளங்களில் சிக்கல் வேறு. அவற்றுக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. கண்ணியமான விளம்பரதாரர் அங்கே வருவதில்லை. அதனால்தான் ஒரு படத்துக்கு நான்கைந்து "பதிவிறக்கு" பொத்தான்கள். அங்கே காணும் பொறிகளில் மூன்றை அடையாளம் கண்டுகொண்டால் பாதி ஆபத்து குறையும். "அறிவிப்புகளை அனுமதி" என்பதை அழுத்தினால்தான் படம் ஓடும் என்பது முதலாவது. அழுத்தியபின் திரையின் ஓரத்தில் போலி வைரஸ் எச்சரிக்கைகள் நாள்முழுக்க வந்துகொண்டிருக்கும். இரண்டாவது, "வீடியோ பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று ஒரு நிரலை இறக்கச் சொல்வது. மூன்றாவதுதான் இப்போது வேகமாகப் பரவும் தந்திரம். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டச் சொல்வார்கள். எதை ஒட்டுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கமே ஒரு கட்டளையை, நகலெடுத்தது தங்கும் இடமான உங்கள் கிளிப்போர்டில் வைத்திருக்கும். உண்மையான கேப்ட்சா எதுவும் உலாவிக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது.

உரிமப் பூட்டை உடைத்துத் தரும் 'கிராக்' செய்த மென்பொருள்தான் இவை எல்லாவற்றிலும் மோசம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய சிப் கோப்பாக வருவது, ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாமல் செய்வதற்காக. "நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்ற குறிப்பு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் தகவல் திருடி வகை நிரல். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் அமர்வுக் குக்கிகளையும் அது அள்ளிச் செல்கிறது. அந்தக் குக்கி கையில் இருந்தால் திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வேண்டாம். "எல்லாப் படமும் இலவசம்" என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் இதே கதைதான். பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரலைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை வெளியிட்டது. இந்த வகைச் சாதனங்கள் சில, பெட்டியைப் பிரிக்கும் முன்பே தொற்றோடு வந்தன. வாங்கியவரின் வீட்டு இணைப்பையே பிறர் குற்றங்களுக்கு வழியாகப் பயன்படுத்தினர்.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டால், இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பலனில்லை.

1. கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள்.
2. வேறொரு நல்ல சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. பிறகு வங்கி, பிறகு மற்றவை.
3. ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால், திருடுபோன குக்கி சில சேவைகளில் கடவுச்சொல் மாற்றிய பின்னும் வேலை செய்யலாம்.
4. கணினியின் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். ஸ்கேன் செய்து "எதுவும் இல்லை" என்று வந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

தொற்றிய கணினியில் இருந்துகொண்டே கடவுச்சொற்களை மாற்றுவது பலரும் செய்யும் தவறு. புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் போய்விடும்.

வெறும் அறிவிப்புத் தொல்லை என்றால் இவ்வளவும் தேவையில்லை. உலாவி அமைப்புகளில் தள அனுமதிகள், அதில் அறிவிப்புகள். தெரியாத தளங்களை நீக்கினால் முடிந்தது. விண்டோஸில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் அமைப்பையும் இயக்கிவையுங்கள். நீங்கள் மாற்றாதவரை நீட்டிப்பு மறைந்தே இருக்கும். அதனால்தான் முடிவில் 'இஎக்ஸ்இ' கொண்ட கோப்பு, படக்கோப்பு போல வேடமிட முடிகிறது.

சட்டவழியில் தேடும் வரிசை

திரைப்படம், தொடர் என்றால் முதல் படி ஜஸ்ட்வாட்ச். நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெயரைத் தட்டினால், சந்தாவில் எங்கே, வாடகைக்கு எங்கே, விளம்பரத்தோடு இலவசமாக எங்கே என்று பிரித்துக் காட்டும். சந்தாவில் இல்லாத படம் வாடகைக்குக் கிடைப்பது சகஜம். ஒரே படத்துக்காக ஒரு மாதச் சந்தா கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். அடுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த யூடியூப் பக்கம். பழைய படங்கள் பலவற்றை உரிமையாளர்களே அங்கே முழுமையாக ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது, நூலக உறுப்பினர் அட்டை. லிப்பி, ஹூப்ளா, கனோப்பி போன்ற செயலிகள் நூலகம் கட்டும் சந்தாவில் இயங்குகின்றன. உங்கள் நூலகமோ பல்கலைக்கழகமோ சேர்ந்திருந்தால் உங்களுக்குச் செலவில்லை.

நூல்களுக்கு வளம் அதிகம். மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குடன்பர்க், பதிப்புரிமைக் காலம் முடிந்த ஆங்கில நூல்களுக்கு முதல் இடம். அதே நூல்களை நன்றாகப் பக்கம் அமைத்துத் தருவது ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ். தன்னார்வலர்கள் குரலில் கேட்க லிப்ரிவாக்ஸ். தமிழுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டம், ஆசிரியர்களே அனுமதி தந்த நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இவற்றில் நிறைய உண்டு. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு ஆகாவிட்டாலும் இவற்றைத் தயங்காமல் படிக்கலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தனியாகச் சொல்ல வேண்டிய இடம். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இந்தக் களஞ்சியத்தில், உரிமை முடிந்தவை, உரிமையாளர் அனுமதித்தவை, யாரோ ஏற்றிவிட்டுப் போனவை மூன்றும் கலந்தே கிடக்கும். அங்கே இருப்பதாலேயே ஒன்று உரிமைச் சிக்கல் இல்லாதது என்று ஆகிவிடாது. அச்சு நூல்களை ஸ்கேன் செய்து இரவல் தரும் அதன் திட்டத்துக்கு எதிராக 2020இல் நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. இந்த வழக்கால் இரவல் பட்டியலிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் நீங்கின. முன்பு திறந்த நூல் இப்போது திறக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். உலாவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால், உலாவியோடு சேர்க்கும் துணை நிரலான அன்பேவால் நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். அதே கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். இயற்பியல், கணிதம், கணினி என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்சிவ்; மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல். எதிலும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டணம் பதிப்பகத்துக்குத்தான் போகிறது. ஆசிரியர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

மென்பொருளில், "அந்த மென்பொருள்தான் வேண்டும்" என்பதைவிட "அந்த வேலை முடிய வேண்டும்" என்று யோசித்தால் வழி திறக்கும். எழுத்து, கணக்குத்தாளுக்கு லிப்ரெஆஃபிஸ், படம் திருத்த கிம்ப், வரைய கிருட்டா, இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், காணொளி வெட்ட கேடென்லைவ், அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. மாணவர்களுக்குப் பெரிய நிறுவனங்களே இலவசமாகவோ சலுகையிலோ தருவதையும் பாருங்கள். எதையும் உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பு போலித் தளத்துக்குக் கொண்டுபோவது வாடிக்கையாகிவிட்டது.

உரிமை முடிந்ததா என்று பார்ப்பது எப்படி

பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்பாடான பெர்ன் ஒப்பந்தப்படி, உரிமைக் காலம் பொதுவாகக் குறைந்தபட்சம் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும். இந்தியாவில் அது 60. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. கணக்கு அந்த ஆண்டின் முடிவோடு முடிகிறது. 1950இல் மறைந்த ஒருவரின் நூல் இந்தியாவில் 2011 ஜனவரி 1 அன்று விடுபட்டது. ஐரோப்பாவில் 2021 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்குக் கணக்கு வேறு: வெளிவந்து 95 ஆண்டு. அங்கே 1929இல் வெளிவந்த நூல்கள் 2025இல் விடுபட்டன. அதனால் குடன்பர்க்கில் இருக்கும் நூல் உங்கள் நாட்டில் இன்னும் உரிமைக்குள் இருக்கலாம்.

அடிக்கடி கால் இடறும் இடம் இது: மூலநூல் விடுபட்டாலும் அதன் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. கீர்த்தனை நூற்றாண்டுகள் பழையதாக இருக்கலாம். போன ஆண்டு பதிவான கச்சேரிக்கு உரிமை உண்டு.

பயன்படுத்த ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நான்கு நிபந்தனைகளைக் கவனித்தால் போதும். 'பிஒய்' என்றால் ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். 'என்சி' வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. காணொளிக்குப் பின்னணியாக இசையைச் சேர்ப்பதும் இதில் அடங்கும். விளம்பர வருமானம் வரும் காணொளியில் 'என்சி' இசையைப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் பலர்.

பணம் கொடுத்தும் கைக்கு வராதபோது

சந்தா கட்டியும் படம் மங்கலாகத் தெரிகிறதா? முதலில் வேகத்தைப் பாருங்கள்: 1080 பி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவு வேண்டும், அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி வரை செலவாகும். வேகம் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டான வைட்வைன். ஆண்ட்ராய்டில் இந்தப் பூட்டுக்கு எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 சாதனத்தின் வன்பொருளுக்குள் இயங்குவது. எல்3 மென்பொருளில் மட்டும் இயங்குவதால் பல சேவைகள் அதற்கு 480 பி தரத்துக்கு மேல் தருவதில்லை. செயலியின் அமைப்புகளில் பிளேபேக் விவரங்களைப் பார்த்தால் எந்த நிலை என்று தெரியும். போனின் முழுக் கட்டுப்பாட்டையும் திறக்கும் 'ரூட்' செய்தபின் எல்3க்கு இறங்கியிருந்தால் சேவை நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. வெளித்திரையில் மட்டும் 4கே வரவில்லையென்றால், திரையும் அதன் இணைப்பும், கேபிள் வழிப் போகும் படத்தை நகலெடுக்காமல் காக்கும் எச்டிசிபி 2.2 பூட்டை ஏற்பவையா என்று பாருங்கள்.

"வாங்கு" என்ற பொத்தான் பல கடைகளில் வாடகை ஒப்பந்தம்தான். 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் நூல்கள் சிலவற்றை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே நீக்கியது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். 2019இல் மைக்ரோசாஃப்ட் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்ப வந்தது, நூல்கள் போய்விட்டன. நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவற்றைப் பூட்டில்லாத கோப்பாக விற்கும் இடங்களில் வாங்குங்கள்: இசைக்கு பேண்ட்கேம்ப், விளையாட்டுகளுக்கு ஜிஓஜி. வாங்கியதைச் சொந்த வட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

வேறு நாட்டில் மட்டும் கிடைக்கும் படத்தை விபிஎன் வழியாகப் பார்ப்பது எதில் சேரும்? உரிமைகள் நாடுவாரியாக விற்கப்படுவதால்தான் இந்தத் தடை. மீறினால் பொதுவாகச் சேவையின் நிபந்தனைகளை மீறியதாகும், கணக்கு முடங்கலாம். சில நாடுகளில் விபிஎன் பயன்பாட்டுக்கே கட்டுப்பாடு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு தொடுங்கள்.

தடம் குறைப்பது: யாரிடமிருந்து?

வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்துபவரிடமிருந்து என்றால் மறைநிலைச் சாளரம் போதும். அது செய்வது அவ்வளவுதான்: மூடியபின் வரலாற்றையும் குக்கியையும் வைத்திருக்காது. இணைப்பு நிறுவனத்துக்கும் அலுவலக வலையமைப்புக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் அதனால் எதுவும் மறைவதில்லை.

விளம்பர நிறுவனங்களிடமிருந்து என்றால் ஃபயர்பாக்ஸ் அல்லது பிரேவ், கூடவே ஃபயர்பாக்ஸில் விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின். அதற்கு மேல் நீட்சிகளைக் குவிக்க வேண்டாம். எழுத்துருக்கள், திரை அளவு, நேர மண்டலம், நீட்சிகள் எல்லாம் சேர்ந்து உங்கள் உலாவிக்கு ஒரு கைரேகை உண்டாக்குகின்றன. எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் செய்த ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதத்துக்கு அப்படியே ஒத்த இன்னொன்று இல்லை. அதே அமைப்பின் 'கவர் யுவர் டிராக்ஸ்' பக்கத்தில் உங்கள் உலாவியைச் சோதிக்கலாம்.

இணைப்பு நிறுவனத்திடமிருந்து என்றால் முதலில், தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற கேள்வி பல இணைப்புகளில் இன்னும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமலே போகிறது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, தீய தளங்களையும் தடுக்கும் குவாட்9இன் 9.9.9.9 போன்றவற்றை, மறையாக்கத்தோடு கூடிய டிஎன்எஸ்ஸாக உலாவி அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற இடம் உண்டு. அங்கே எண்ணைப் போட்டால் ஏற்காது. வழங்குநரின் சேவைப் பெயரைத் தட்டச்ச வேண்டும். இதற்குப் பிறகும், இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பல இடங்களில் வெளியே தெரியும். எந்தப் பக்கம் படித்தீர்கள் என்பதை, தளத்தோடு நடக்கும் பரிமாற்றத்தை மறையாக்கும் எச்டிடிபிஎஸ் மறைக்கும்.

அந்தத் தளப் பெயரையும் மறைக்க விபிஎன். இணைப்பு நிறுவனம் பார்த்ததையெல்லாம் இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இலவச விபிஎன்களில் எச்சரிக்கை வேண்டும். ஹோலா தன் பயனர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015இல் அம்பலமானது. ஃபேஸ்புக்கின் ஒனாவோ விபிஎன், பயனர்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்று திரட்டியதால் 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து வெளியேற நேர்ந்தது. "பதிவேடு வைப்பதில்லை" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அது சோதனைக்கு உள்ளானதா என்பதே பார்க்க வேண்டியது. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் காவல்துறை முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு வந்து, வாடிக்கையாளர் தகவல் எதுவும் எடுக்காமல் திரும்பியது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். பயனர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டபோது, பெரிய நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை அங்கிருந்து எடுத்துவிட்டன.

நிறுவியதும் மூன்று வேலை. கில் சுவிட்ச்சை இயக்குங்கள். இணைப்பு அறுந்தால் உண்மை முகவரி வெளியே போகாது. விபிஎன் இணையும் முறை (நெறிமுறை) வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் என்று பாருங்கள். பிறகு ஐபி சோதனைத் தளத்தைத் திறந்து, விபிஎன் இல்லாமலும் இருந்தும் ஒப்பிடுங்கள். விபிஎன் இல்லாதபோது தெரிந்த ஐபிவி6 (ஐபி முகவரியின் புதிய வகை) முகவரியோ, இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸோ இன்னும் தெரிந்தால் கசிகிறது. இவ்வளவும் செய்துவிட்டு உங்கள் சொந்தக் கணக்கில் உள்நுழைந்தால், அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும்.

டோர் உலாவி வேறு வகை. உங்கள் போக்குவரத்து மூன்று தன்னார்வச் சர்வர்கள் வழியே போகிறது. முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசியானதற்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. டோர் புராஜெக்ட்டின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இணைப்பு தடுக்கப்பட்டிருந்தால் அமைப்பில், தடையைச் சுற்றிப் போகும் வழிகள் உள்ள 'பிரிட்ஜ்' பகுதிக்குப் போய் ஸ்னோஃபிளேக் அல்லது ஓபிஎஃப்எஸ்4 தேர்ந்தெடுங்கள். நீட்சிகள் சேர்க்காதீர்கள், எல்லோருடைய உலாவியும் ஒன்றுபோல இருப்பதில்தான் பாதுகாப்பு. மெதுவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டோர் வழியாக டோரன்ட் மட்டும் ஓட்டாதீர்கள். பல டோரன்ட் செயலிகள் பயன்படுத்தும் யுடிபி வகைப் போக்குவரத்தை டோர் சுமக்காது என்பதால் பல டோரன்ட் செயலிகள் அதைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போகும். சில செயலிகள் உண்மை முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும்.

டோரும் கூட்டத்துக்குள் ஒளிவதுதான். கூட்டம் சிறிதானால் பயனில்லை. 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், அதே பல்கலைக்கழக வைஃபையிலிருந்து அனுப்பினார். அந்த நேரத்தில் அங்கே டோர் பயன்படுத்தியவர்களைப் பார்த்தே விசாரணை அவரை எட்டியது. டோரின் மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை.

பெயர் தெரியாமல் ஒரு கோப்பை வெளியிட வேண்டுமென்றால் கோப்பையும் சுத்தம் செய்யுங்கள். போனில் எடுத்த படத்தில் போனின் மாதிரி, நேரம், இருப்பிட வசதி இயங்கியிருந்தால் எடுத்த இடம் வரை பதிந்திருக்கும். விண்டோஸில் கோப்பின் பண்புகளில் 'விவரங்கள்' பகுதிக்குப் போனால் இவற்றை நீக்கும் வசதி உண்டு. எழுத்து ஆவணங்களில் ஆசிரியர் பெயர் தானாகவே ஏறியிருக்கும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் அது சிலசமயம் கூடவே வரும். மாற்றிய பிடிஎஃப்பைத் திறந்து அதன் பண்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டே அனுப்புங்கள்.